டிசம்பர் கூத்து விழா: நேட்டால் கரும்பூர்களில் நடத்த ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்வது தெருக்கூத்தைத்தான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள், துணி மூட்டையை இறக்கி வைத்த கையோடு மத்தளத்தையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கோயில் திடலில் விடிய விடிய ஆடினார்கள். டோங்காட், வெருலம், ஸ்டாங்கர், உம்சிண்டோ போன்ற ஊர்களில் இன்று ஒரு சங்கம் கோடை விழா எடுக்க நினைத்தால், அந்த விடிய விடியக் கணக்கு உதவாது. கைக்குள் அடங்கும் விழா என்றால் ஒரு இரவு கூத்து, ஒரு இரவு வள்ளி திருமணம் மாதிரி இசை நாடகம், நடுவில் பிள்ளைகளின் பாட்டும் கோலமும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 300 நாற்காலிக்கு.

முதலில் நாள். டிசம்பர் 16 பொது விடுமுறை. அதற்குப் பிறகு கட்டட வேலைகள் நின்றுவிடும், ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் பிள்ளைகள் கடற்கரைக்குத் திரும்புவார்கள். அந்த வாரம்தான் வாரம். கல்யாண மண்டபப் பதிவுகளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரில் பெரிய கல்யாணம் ஒன்று இருந்தால் உங்கள் கூட்டத்தில் பாதி அங்கே போய்விடும்.

டிசம்பர் நடுவில் இங்கே சூரியன் மறைய மணி ஏழு ஆகிவிடுகிறது. வெளிச்சத்தில் கூத்தைத் தொடங்கினால் முகத்துச் சாயம் பூசினாற்போல் தெரியும், விளக்கு எடுபடாது. ஏழேகாலுக்கு முன்னால் தொடங்கிப் பயனில்லை. நகராட்சி தரும் ஒலி அனுமதியோ பெரும்பாலும் பத்து மணியோடு முடிந்துவிடும். கையில் இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அதில் அரை மணி இடைவேளை. இங்கிலாந்தில் 1934 முதல் நடக்கும் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் இடைவேளை மட்டும் ஒன்றரை மணி நேரம். வந்தவர்கள் புல்வெளியில் அமர்ந்து சாப்பிடுவார்கள். அவர்களுக்குக் கோடையில் இருட்டக் காத்திருக்கும் வேலை இல்லை, ஆட்டம் அரங்கத்துக்குள். நமக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. சாப்பாட்டை ஐந்தரை மணிக்கே, ஆட்டத்துக்கு முன்பு வைத்துக்கொள்வதுதான் சரி.

ஓர் இரவுக் கூத்தை இரண்டே கால் மணிக்குள் அடக்கும்போது பலர் செய்யும் தவறு, ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு பாட்டைக் கத்தரிப்பது. அப்படிச் செய்தால் எந்தக் காட்சியும் சூடுபிடிக்காது. முழுக் காட்சிகளையே விட்டுவிடுங்கள். கர்ண மோட்சத்தை எடுத்தால் கர்ணன் திரைக்கு வருவது, மனைவி பொன்னுருவியோடு தர்க்கம், களம், முடிவு. இது போதும். தர்க்கத்துக்கு மட்டும் ஒரு மணிக்குக் குறையாமல் கொடுங்கள். கூட்டம் அதற்குத்தான் வருகிறது. விட்ட கதையைக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நாலு வரியில் சொல்லிக் கடத்துவான். எதை விடுவது என்பதைக் கூத்து வாத்தியாரிடம் மூன்று வாரம் முன்பே பேசி முடிக்க வேண்டும். விழா அன்று மேடைக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைக் காட்டினால் கோபம்தான் மிஞ்சும். வேடம் கட்டாமல் ஒத்திகை பார்த்த நேரத்தையும் நம்பாதீர்கள். கட்டை (மர அணிகள்) கட்டி ஆடும்போது அடி கனக்கும், கூட்டம் கைதட்டினால் விருத்தம் நீளும். பதினைந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து குழுவை வரவழைப்பதாக இருந்தால் டிசம்பர் ஒரு வகையில் நல்ல மாதம். சென்னையில் அது கச்சேரி சீசன். பாடகர்கள் கிடைக்க மாட்டார்கள். கூத்துக்காரர்களுக்கோ பாரதக் கூத்து நடப்பது பங்குனி தொடங்கி ஆடி வரை. மழைக்காலத்தில் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். விசாவில் கவனம் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மேடை ஏறக் கூடாது. குடிவரவுச் சட்டத்தின் 11(2) பிரிவில் குறுகிய கால வேலைக்கு ஒப்புதல் கேட்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் நாள், இடம், தங்குமிடம், சம்பளம் யார் தருகிறார்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ராஜ வேடக்காரரை விட முகவீணைக்காரரை வரவழைப்பது புத்திசாலித்தனம். வேடம் கட்ட இங்கே ஆள் தேடிவிடலாம்; முகவீணை ஊத ஆள் கிடைப்பது அரிது. அந்தக் கீச்சுக் குரல் இல்லாத கூத்து உப்பில்லாச் சாப்பாடு.

இடத்தைப் பிடிப்பதற்கு முன் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கு 2010இல் வந்த சட்டம், 2,000 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் இடங்களுக்குப் பொருந்தும். வருகிற கூட்டம் எவ்வளவு என்பது இல்லை. இடத்துக்கு உள்ளாட்சி தந்த கொள்ளளவுதான் கணக்கு. 300 பேருக்கு நகராட்சியின் பெரிய மைதானத்தை எடுத்தால் போலீசின் அபாயத் தரப்படுத்தல், திட்டக் கூட்டம் என்று தேவையில்லாத சுமை தலையில் விழும். கோயில் வளாகமோ பள்ளித் திடலோ போதும். அங்கேயும் தீயணைப்பு அலுவலர் வந்து பார்ப்பார். மார்க்கீ என்னும் பெரிய கூடாரத்துக்குப் பொறியாளர் சான்று, தற்காலிக மின்னிணைப்புக்கு எலக்ட்ரீஷியன் சான்று இரண்டையும் கையில் வைத்திருங்கள். பாடல்களில் ஒரு வசதி உண்டு. இந்நாட்டில் எழுதியவர் இறந்து 50 ஆண்டு கழிந்தால் காப்புரிமை முடிகிறது. வள்ளி திருமணம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922. அவர் பாட்டுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் இடைவேளையில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போட்டால் இசை உரிமைச் சங்கமான சாம்ரோவின் உரிமம் வேண்டும்.

இனி வானம். நேட்டால் கரைக்குக் கோடைதான் மழைக்காலம். பகல் முழுக்கப் புழுங்கும், நாலு மணிக்கு மேல் இடி கூடும். காற்று பெரும்பாலும் கரையை ஒட்டியே வீசும்: வடகிழக்கிலிருந்து வரும்போது வானம் தெளிவு, திடீரென்று தென்மேற்குக்கு மாறினால் குளிரும் மழையும் கூடவே வரும். அதனால் மேடையின் முதுகு தென்மேற்கைப் பார்க்கட்டும். சாரல் பின்திரையில் அடிக்கும், மத்தளக்காரர் மடியில் விழாது. மார்க்கீயைத் தென்மேற்குப் பக்கம் திறந்து வைத்துவிட்டு முதல் காற்றிலேயே கூரை தூக்குவதைப் பார்க்கும் ஊர்கள் ஆண்டுதோறும் உண்டு.

12 மீட்டருக்கு 25 மீட்டர் மார்க்கீ 300 நாற்காலியையும் மேடையையும் நடைபாதையையும் தாங்கும். மழையில் ஊறிய மணலில் முளைகள் பிடிக்காது. மூலைக்கு ஒன்றாக 200 லிட்டர் பீப்பாயில் நீர் நிரப்பிக் கட்டினால் பீப்பாய்க்கு 200 கிலோ எடை கிடைக்கும். மேட்டுப் பக்கம் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். கூரைத் துணியில் தண்ணீர் தொட்டில் கட்டினால் துடைப்பக் கட்டையால் அடியிலிருந்து தள்ளுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கே கொட்டும் என்று முன்பே யோசித்து, மிக்சர் மேசையைக் கூரை ஓரத்திலிருந்து மூன்று மீட்டராவது உள்ளே தள்ளிப் போடுங்கள்.

வானிலைத் துறை எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். மஞ்சள் என்றால் வாய்க்காலைச் சரிபார்த்து நடத்தலாம். ஆரஞ்சு என்றால் அன்று மதியம் இரண்டு மணிக்கே முடிவெடுத்து எல்லாருக்கும் வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். மாலை ஆறு மணி வரை 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இழுப்பதுதான் பெரிய பாவம். அதற்குள் வேடம் பாதிக்கு மேல் ஏறியிருக்கும். மின்னலுக்கு ஒரே விதி: மின்னிய பிறகு முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மறுபடி தொடங்கலாம். மார்க்கீயின் இரும்புக் கம்பத்தடியில் கூட்டத்தை ஒதுங்கவிடாமல் மண்டபத்துக்கும் கார்களுக்கும் அனுப்ப நாலு ஆட்கள் வேண்டும்.

இன்னொன்றும் வானத்திலிருந்து விழும். ஆலை ஓடும் பருவத்தின் கடைசி நாட்களில் பக்கத்து வயலில் கரும்புத் தோகை எரித்தால் கருஞ்சாம்பல் பறந்து வெள்ளை வேட்டியிலும் வடையிலும் உட்காரும். பக்கத்துத் தோட்டத்தில் என்றைக்கு எரிக்கிறார்கள் என்று கேட்டு வைப்பது மரியாதையும்கூட. கார் நிறுத்தும் இடம் கரும்பு ஓரம் என்றால் புல்லை வெட்டி, வழிநெடுக விளக்குப் போடுங்கள். இருட்டில் பாம்பு மிதிபட நம் விழாதான் கிடைத்ததா?

மேடை உயரம் 40 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். கூத்து தரையில் பிறந்தது. உயரத் தூக்கினால் முன்வரிசைக்குக் கால் மட்டும் தெரியும். 2.44க்கு 1.22 மீட்டர் ஷட்டர்பிளை ஒட்டுப்பலகை பத்து வாங்கினால், ஐந்தைந்தாக இரண்டு வரிசை போட்டு 6.1க்கு 4.88 மீட்டர் மேடை ஆகிவிடும். கனம் 18 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆணி அடிக்காதீர்கள், திருகாணி போட்டுத் தலையைப் பலகைக்குள் இறக்குங்கள். சலங்கைக் கால் ஒரு மணி நேரம் மிதித்தால் ஆணி எழும்பிவிடும்; ஆடுவது வெறுங்கால். வார்னிஷும் கூடாது, வியர்வை சொட்டினால் வழுக்கும். மங்கலான பெயின்டில் ஒரு கை நைசான மணலைக் கலந்து பூசினால் பிடிமானம் கிடைக்கும்.

திரை பிடிக்க இரண்டு இளைஞர்களை நிறுத்துவீர்கள். அவர்களுக்கு ஒரு மாலை முழுதாகப் பயிற்சி கொடுங்கள், ஏனென்றால் கூத்தின் முதல் பத்து நிமிடமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. திரை இரண்டரை மீட்டர் அகலம், உயரம் ஆளின் கண்ணளவு. கிரீடமும் நெற்றியும் மட்டும் மேலே தெரிய வேண்டும். உள்ளே இருந்து விருத்தம் எழும்பும், கிரீடம் ஆடும், சலங்கை கேட்கும், ஆள் தெரியாது. அந்தத் தவிப்பைக் கூட்டம் அனுபவிக்க வேண்டும். மத்தளம் தீர்மானம் (முத்தாய்ப்பு) வைக்கும் அடியில் இருவரும் ஒரே சமயத்தில் விலக வேண்டும். ஒருவர் முந்தினால் ராஜா பாதி வெளியே நிற்பார். சிரிப்பு வந்துவிடும், ராஜாவின் மதிப்பு அன்றைக்குத் திரும்பாது.

மின்சாரக் கணக்கு எளிது. பன்னிரண்டு எல்.இ.டி. விளக்கு ஒன்றரை கிலோவாட், ஒலி இரண்டு, புரொஜெக்டரும் பந்தல் விளக்கும் ஒன்று. மொத்தம் நாலரை. இதற்கு 10 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளம். ஆனால் பெரும்பாலும் விளக்கை அணைப்பது தேநீர்தான். 20 லிட்டர் தேநீர் அர்ன் (மின் கொதிகலம்) ஒன்று இரண்டரை கிலோவாட் வரை இழுக்கும். இரண்டு வைத்தால் மேடை முழுவதையும்விட அதிகம். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு யாரோ ஓர் அக்கா நல்லெண்ணத்தில் ஸ்விட்சைப் போடுவார், பொன்னுருவி இருட்டில் நிற்பார். சமையலுக்கும் தேநீருக்கும் காஸ் மட்டும் என்று வைத்துவிடுங்கள். லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு இப்போது குறைந்திருக்கலாம், ஆனால் இடி விழுந்தாலும் லைன் போகும். அதனால் ஆட்டம் முழுக்க ஜெனரேட்டரில் ஓடட்டும், ஊர்க் கரண்டைப் பந்தல் விளக்குக்கு மட்டும் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் ரீலை முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுருளாகவே விட்டால் சூடேறி உருகும். 30 மில்லியாம்ப் எர்த் லீக்கேஜ் (மின்கசிவுத் துண்டிப்பான்) இல்லாத பெட்டியை ஈரப் புல்லில் வைக்கவே கூடாது.

ஒலிக்கு: முகவீணைக்கும் தாளத்துக்கும் மைக் வேண்டாம், அவை தாமே கேட்கும். ஆர்மோனியத்துக்கு ஒன்று, மத்தளத்துக்கு ஒன்று, பின்பாட்டுக்கு இரண்டு, மேடை முன்விளிம்பில் தரையோடு இரண்டு. நடிகருக்குத் தலையில் மாட்டும் மைக் வைத்தால் வியர்வையும் எண்ணெயும் இறங்கி அரை மணியில் கரகரக்கும். ஸ்பீக்கரை மேடை விளிம்புக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தள்ளி வைத்தால் வீல் சத்தம் வராது. சுருதி எத்தனை கட்டை என்பதை ஆர்மோனியக்காரரும் பாடுபவரும் ஒத்திகையிலேயே முடிவு செய்யட்டும். கடல் ஈரத்தில் ஆர்மோனிய ரீடுகள் ஒட்டிக்கொள்ளும், மிருதங்கத் தோல் தளரும். வாத்தியங்களை மதியம் மூன்று மணிக்கே மார்க்கீக்குக் கொண்டுவந்து அந்தக் காற்றுக்குப் பழக்கி, பிறகு சுருதி சேர்க்க வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்தால் முதல் பாட்டிலேயே இறங்கிவிடும்.

முகச் சாயத்துக்குப் பழைய அரிதாரம் வேண்டாம், அது ஆர்செனிக். முகத்துக்கென்று விற்கும் வண்ணப்பொடியும் முத்துவெள்ளையும் போதும். ஊரில் தேங்காயெண்ணெயில் குழைப்பார்கள். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியில் உருகும். டிசம்பர் மாலையில் அது முகத்தில் நீராகவே நிற்கும், புருவக் கறுப்பு கன்னத்துக்கு வரும். எண்ணெயைப் பாதியாகக் குறைத்துக் கெட்டியாகக் குழையுங்கள், பூசி முடித்ததும் பவுடரை ஒற்றுங்கள். வியர்வையைத் துடைக்காமல் துணியால் ஒற்றியெடுக்க ஒரு பையனைத் திரைக்குப் பின் நிறுத்துங்கள். கட்டை வேடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். நாலரைக்கே உட்கார வேண்டும். புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாம் ஏறிய பிறகு நடிகரால் உட்கார்ந்து சாப்பிட முடியாது. நாலு மணிக்கே லேசாகச் சாப்பிட வைத்து, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை நீரை உறிஞ்சுகுழாயோடு பக்கத்தில் வையுங்கள்.

இனி மொழி. விழா நிற்பதும் விழுவதும் இதில்தான். வருபவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். பாட்டிக்குத் தமிழ் வரும், பேரனுக்குத் தேவாரம் பாட வரும், பொருள் தெரியாது. ஓபரா மேடைகளும் இதே சிக்கலில் பல காலம் இருந்தன; 1983இல் டொரண்டோவில் கனடிய ஓபரா கம்பெனி மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பை ஓடவிட்ட பிறகுதான் வழி பிறந்தது. அதை அப்படியே இங்கே எடுத்து, வரிக்கு வரி ஆங்கிலம் போட்டால் கூத்தில் தோற்றுவிடும். ஓபராவில் ஒரு சொல் மாறாது. கூத்தில் நடிகர் அன்றைய கூட்டத்தைப் பார்த்து வசனத்தை வளர்ப்பார், குறைப்பார், அடியைத் திருப்பிப் பாடுவார். திரையில் ஓடும் எழுத்து மூன்றாவது நிமிடத்திலேயே தனிவழி போகும். ராஜா அழும்போது கூட்டம் எழுத்தைப் படித்துச் சிரிக்கும்.

இசை நாடகத்தில் பாட்டுகள் எழுதி நிலைத்தவை. அங்கே வரிக்கு வரி போடலாம். கூத்துக்குப் பாட்டுக்கு ஒரு அட்டை, தர்க்கத்தின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு அட்டை. அட்டையில் இரண்டே வரி, வரிக்கு 40 எழுத்துக்குள். கறுப்பில் வெள்ளை. 'உன் குலம் என்ன என்று கேட்கிறாள்' என்று சாரத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். கர்ண மோட்சம் முழுவதற்கும் எழுபது எண்பது அட்டைக்கு மேல் போகாது. நடுநடுவே வெற்றுக் கறுப்பு அட்டைகள் இருக்கட்டும். ஆட்டம் நடக்கும்போது கண் மேடையில் இருக்க வேண்டும். அட்டை மாற்றுகிறவர் கணினி தெரிந்த பிள்ளையாக இருந்தால் போதாது. தமிழ் கேட்டுப் புரிகிறவராகவும் எல்லா ஒத்திகைக்கும் வந்தவராகவும் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லை என்றால், கேட்பவர் ஒருவர் தோளைத் தட்டட்டும், மாற்றுபவர் மாற்றட்டும்.

அட்டையைவிடப் பெரிய துணை கட்டியக்காரன். அரசனைக் கேள்வி கேட்டுக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்வது அவனுக்கு எப்போதும் உள்ள வேலை. அதை ஆங்கிலம் கலந்து செய்ய விட்டுவிடுங்கள். இப்படிப் போகும்:

"மகாராஜா, தங்கள் ஊர்?"

"அங்க தேசம்!"

"அங்க தேசம்னா எங்க சார்? டோங்காட் தாண்டியா, ஸ்டாங்கருக்கு இந்தப் பக்கமா?"

"மூடனே! துரியோதனர் எனக்குக் கொடுத்த நாடு!"

"ஓ, கிஃப்டா? டைட்டில் டீட் இருக்கா?"

கூட்டம் சிரித்து முடிக்கும்போது கர்ணன் யார், யாருக்கு நன்றிக்கடன் பட்டவன் என்பது பேரனுக்கும் தெரிந்துவிட்டது. இந்த வேடத்துக்கு உள்ளூர் ஆளே வேண்டும். தமிழ்நாட்டுக் குழுவோடு வரும் கட்டியக்காரர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், இந்த ஊர் நகைச்சுவை அவர் நாக்கில் ஏறாது. ஒரே ஒரு எல்லை: சோகக் காட்சி தொடங்கிய பிறகு அவன் வாயைத் திறக்கக் கூடாது. எந்த அடியில் விலக வேண்டும் என்பதை வாத்தியார் குறித்துக் கொடுக்கட்டும்.

சாப்பாடு கோயில் திடல் என்றால் சைவம். பீன்ஸ் பன்னிதான் (ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்புவது) கை கொடுக்கும், தட்டு கழுவும் வேலை இல்லை. 200 குவார்ட்டர் (கால் ரொட்டி) பன்னிக்கு 50 ரொட்டி, 12 கிலோ காய்ந்த சுகர் பீன்ஸ், 8 கிலோ உருளைக்கிழங்கு. பீன்ஸை முந்தின இரவு ஊறவைத்தால் டிசம்பர் புழுக்கத்தில் விடிவதற்குள் நுரைத்துவிடும்; படுக்கப் போகும்போது ஒரு முறை நீரை மாற்றுங்கள். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும்; சும்மா சூடாக்கிய பீன்ஸ் வயிற்றைப் புரட்டும். ரொட்டியை ஐந்து மணிக்கு முன் குடையாதீர்கள், காய்ந்துவிடும். மிச்சத்துக்கு வடையும் முறுக்கும் தேநீரும்.

ஆட்டம் முடிந்த அன்றிரவே கட்டைச் சாமான்களை மூட்டை கட்டிப் பக்கியில் (சிறு சரக்கு வண்டி) ஏற்றிவிடத் தோன்றும். வியர்வை ஊறிய துணியும் மரமும் இந்த ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், கண்ணாடிச் சில்லுகள் அரக்கிலிருந்து பெயரும். மண்டபத்தில் கயிறு கட்டி, ஃபேன் போட்டு, விடியும்வரை காயவிடுங்கள். சாயத்தைச் சோப்பால் தேய்க்காமல் தேங்காயெண்ணெயைத் தடவித் துணியால் எடுத்தால் தோல் எரியாது. உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகளை ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கிரீடத்தினுடையது என்று மேலே எழுதி வையுங்கள்.